பொதுத்தொண்டும் உரிமைக் குரலும்: போபால் அப்துல் ஜப்பார் அவர்களின் வாழ்வு தரும் பாடம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், மஹல்லாவின் நீண்டகாலத் தொண்டர்களைப் பாராட்டும் அமர்வில் ஆற்றப்பெற்ற உரை)

  

சற்று முன்னர் இம்மேடையில் நம் மஹல்லாவின் மூத்த தொண்டர்களுக்குப் பொன்னாடை அணிவித்தோம். ஒரு வீட்டில் ஜனாஸா என்றால் சொல்லியனுப்பாமலே வந்து நிற்பவர்கள் இவர்கள். மழைநீர் தாழ்வான வீதிகளில் புகுந்தால் முதலில் வேட்டியை மடித்துக் கட்டுபவர்கள். குடும்ப அட்டைக்கும், முதியோர் உதவித்தொகைக்கும், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தே கைரேகை தேய்ந்தவர்கள். அவர்தம் பணிகளின் பட்டியல் இவ்வாண்டறிக்கையின் வேறு பக்கங்களில் இடம்பெற்றுள்ளது. ஆகவே அதனை மீண்டும் வாசிக்கப் போவதில்லை.

நம் ஊரில் பொன்னாடைக்குப் பஞ்சமில்லை. துணியாலேயே வாழும் ஊர் இது. ஆயினும் ஒரு தொண்டருக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை தோளில் போர்த்தும் துணியோடு நிறைவுற்று விடுமா என்னும் வினாவை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பொதுவாகப் பேசினால் அது அறிவுரையாகிவிடும். எனவே ஒரு மனிதரின் வாழ்வை எடுத்துரைக்கிறேன். அவர் நம் தமிழகத்தவர் அல்லர். எனினும் அவர் நடத்திய போராட்டத்தின் கருவி நமக்கு மிகவும் நெருக்கமானது. அது தையல் எந்திரம். அவர் போபால் நகரைச் சேர்ந்த அப்துல் ஜப்பார். அம்மக்கள் அவரை ‘ஜப்பார் பாய்’ என்றே அழைத்தனர்.

நச்சுக் காற்று வீசிய இரவு

மத்தியப் பிரதேசத்தின் தலைநகரான போபால் ஏரிகளின் நகரம். 1819க்கும் 1926க்கும் இடையே நான்கு பேகம்கள் அரசாண்ட பெருமை அதற்கு உண்டு. அந்நகரின் வட பகுதியில், ஏழை மக்களின் குடியிருப்புகளுக்கு மிக அருகில், யூனியன் கார்பைடு நிறுவனத்தின் பூச்சிக்கொல்லித் தொழிற்சாலை இயங்கி வந்தது. 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் இரவு, 3ஆம் நாள் விடியுமுன், அங்கிருந்த ஒரு தொட்டிக்குள் நீர் புகுந்ததால் வேதிவினை மூண்டது. ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் என்னும் நச்சுவாயு வெளியேறி, உறங்கிக் கொண்டிருந்த நகரின் மீது படர்ந்தது.

அத்தொட்டியைக் குளிர்விக்க வேண்டிய எந்திரம் பல மாதங்களாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரம் பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவி நஞ்சு நீக்க வேண்டிய கருவியால் அத்துணைப் பெரிய அளவைத் தாங்க இயலவில்லை. பாதுகாப்புச் செலவைக் குறைத்துச் சேமித்த பணத்திற்கு உரிய விலையை, அந்த ஆலையின் வாயிலை ஒருநாளும் மிதித்திராத மக்கள் கொடுத்தனர்.

மாநில அரசு உறுதி செய்த மரண எண்ணிக்கை 3,787. பின்னாளில் இழப்பீட்டு நீதிமன்றங்கள் 5,295 மரணங்களை ஏற்றுக்கொண்டன. உண்மை எண்ணிக்கை இதனினும் பன்மடங்கு என்பது பாதிக்கப்பட்டோர் அமைப்புகளின் கூற்று. கண்ணும் நுரையீரலும் கெட்டு, பாதி உயிரோடு வாழ்ந்தோர் லட்சக்கணக்கானோர்.

அன்றிரவு ராஜேந்திர நகரில் வாழ்ந்த இளைஞர் அப்துல் ஜப்பார், தம் தாயாரை ஸ்கூட்டரில் அமர்த்திக்கொண்டு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒபைதுல்லாகஞ்சுக்குச் சென்று சேர்த்தார். தாயைக் காப்பாற்றிய பின் அங்கேயே தங்கியிருக்கலாம். அவரோ நகருக்குத் திரும்பினார். வீதிகளில் கிடந்தோரை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் பணியில் இறங்கினார். அவர் மருத்துவர் அல்லர், வழக்கறிஞர் அல்லர், எந்தக் கட்சியின் பொறுப்பாளரும் அல்லர். உடலுழைப்பால் பிழைத்த சாதாரண மனிதர். நச்சுவாயு அவரையும் விடவில்லை. பார்வையின் பெரும்பகுதியை அவர் இழந்தார், நுரையீரலும் சிதைந்தது. பெற்றோரும் ஓர் உடன்பிறப்பும் பின்னாளில் நோயுற்று மறைந்தனர்.

தையல் கூடத்தில் பிறந்த இயக்கம்

பேரிடருக்குப் பின்னர் போபாலுக்கு உதவிகள் வந்தன. அரிசி வந்தது, பால் வந்தது, சிறு தொகைகள் வந்தன. அவை தேவையான உதவிகளே. ஆயினும் குடும்பத் தலைவரை இழந்த பெண்ணும், மூச்சு வாங்கியே நடக்க முடியாத கணவரைப் பெற்ற பெண்ணும் எத்தனை நாள் வரிசையில் நிற்க முடியும்? ஆகவே அரசு, வாயுவால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கெனத் தையல் கூடங்களைத் திறந்தது. இதுவரை வீட்டைவிட்டு வெளியே வந்திராத பெண்கள் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்து கூலி பெற்றனர். சில காலத்தில் அக்கூடங்கள் மூடப்பட்டன.

அந்த மூடலை எதிர்த்து எழுந்த பெண்களோடு நின்றவர் ஜப்பார். 1980களின் பிற்பகுதியில் அப்போராட்டத்திலிருந்து உருவானதே ‘போபால் கேஸ் பீடித் மஹிளா உத்யோக் சங்கடன்’. போபால் வாயுவால் பாதிக்கப்பட்ட பெண்களின் தொழில் அமைப்பு என்பது அதன் பொருள். பெயரிலேயே தொழில் என்னும் சொல் இருப்பதைக் கவனியுங்கள். ‘தருமம் வேண்டாம், வேலை வேண்டும்’ என்பதே அவர்களின் முழக்கமாயிற்று.

சகோதரர்களே! இம்முழக்கத்தைக் கேட்டு, தருமத்தை இவர் இழிவுபடுத்தினார் என எவரும் எண்ணிவிடக் கூடாது. ஈகை கடமை, அதனை மறுப்பவர் எவருமில்லை. ஆனால் கொடுப்பவரின் கை சலிக்கும்போது பெறுபவரின் நிலை என்னாகும் என்பதை ஜப்பார் நேரில் கண்டவர். கையேந்தி நிற்கும் பெண்ணுக்கு ஒரு வேளை உணவு கிடைக்கும். கையில் தொழில் உள்ள பெண்ணுக்கு உணவோடு ஒரு குரலும் கிடைக்கும். அதனால்தான் அவர் ‘ஸ்வாபிமான் கேந்திரா’ என்னும் பயிற்சி நிலையத்தை நடத்தினார். சுயமரியாதை மையம் என்று நாம் அதனைத் தமிழில் சொல்லலாம். அங்கு ஆயிரக்கணக்கான பெண்கள் தையலும், ஜரிகை வேலைப்பாடும், பிற கைத்தொழில்களும் பயின்றனர். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர், இந்துக்களும் இருந்தனர். நச்சுக் காற்று எவரிடமும் மார்க்கம் கேட்டுவிட்டு வீட்டுக்குள் நுழையவில்லை. ஜப்பாரும் அதனைக் கேட்கவில்லை.

சனிக்கிழமைக் கூட்டம்

நம் திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். பனியன் கம்பெனிகளில் வாரக் கணக்கை முடித்து, எத்தனை ஷிப்ட் என்று எண்ணிப் பார்த்துப் பணம் வாங்கும் நாள். போபாலின் ஏழைப் பெண்களுக்கும் சனிக்கிழமை ஒரு கணக்குப் பார்க்கும் நாளாக இருந்தது. பேகம் ஷாஜஹான் நினைவாகப் பெயர் பெற்ற யாத்கார்-ஏ-ஷாஜஹானி பூங்காவில் அவர்கள் வாரந்தோறும் கூடினர். வழக்கு எந்த நிலையில் உள்ளது, எந்த மருத்துவமனையில் மருந்து இல்லை, எவருடைய மனு தள்ளுபடியாயிற்று என்பதையெல்லாம் ஜப்பார் அவர்களுக்கு எடுத்துரைத்தார். அவர்களும் தத்தம் வீதியின் நிலையைச் சொன்னார்கள்.

ஒரு வாரம் கூடுவது எளிது. ஓர் ஆண்டு கூடுவதும் இயலும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, செய்தியாளர்கள் வந்தாலும் வராவிட்டாலும், அதே பூங்காவில் கூடினார்களே, அதுவே தொண்டு என்பதன் உண்மையான அளவுகோல். டிசம்பர் 3ஆம் நாள் வந்தால் உலகம் போபாலை நினைக்கும். எஞ்சிய நாள்களில் நினைத்துக் கொண்டிருந்தவர்கள் அப்பெண்களும் ஜப்பாரும், அவர்களைப் போன்ற பிற அமைப்பினருமே.

பிற அமைப்பினர் என்று சொன்னேன். அதனையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும். போபாலின் போராட்டம் ஒருவர் நடத்தியது அன்று. அங்கே ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா என்னும் இரு பெண்மணிகள் தொழிலாளர்களாக இருந்து தலைவர்களாக உயர்ந்தனர். 2004ஆம் ஆண்டு இருவரும் இணைந்து கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருதைப் பெற்றனர். அதன் பின்னர், பாதிக்கப்பட்டோரின் குழந்தைகளுக்குச் சிகிச்சையளிக்க ‘சிங்காரி’ என்னும் அறக்கட்டளையை நிறுவினர்.

வழக்கும் கணக்கும்

இனி ஒரு கணக்கைச் சொல்கிறேன். வணிகர்களும் கணக்கர்களும் நிறைந்த அவை இது. எளிதில் விளங்கும்.

1985இல் மத்திய அரசு ஒரு சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்ட அனைவருக்கும் தானே பிரதிநிதி என அறிவித்தது. 1989 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கார்பைடு நிறுவனம் 47 கோடி டாலர் தர வேண்டும். அன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ ரூ.715 கோடி. அப்போது கணக்கில் கொள்ளப்பட்டது ஏறத்தாழ 3,000 மரணங்களும் ஒரு லட்சம் பேருக்கு ஏற்பட்ட உடற்கேடும் மட்டுமே. இறுதியில் இழப்பீட்டுக்கு உரியோராக ஏற்கப்பட்டவர்கள் 5,70,000 பேருக்கும் மேல். உடன்பாட்டுத் தொகையை அந்த எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். தலைக்கு ஏறத்தாழ ரூ.12,500 வரும். ஒரு மனிதரின் நுரையீரலுக்கு அதுவே விலை.

ஜப்பாரின் அமைப்பும் பிற அமைப்புகளும் இதனை ஏற்கவில்லை. இறுதித் தீர்வு வரும்வரை மக்கள் என்ன உண்பார்கள் எனக் கேட்டு இடைக்கால உதவிக்குப் போராடினர். பாதிக்கப்பட்டவை என அறிவிக்கப்பட்ட 36 வார்டுகளில் வாழ்ந்தோருக்கு 1990 முதல் மாதம் ரூ.200 கிடைத்தது. உடன்பாட்டில் கைவிடப்பட்டிருந்த குற்றவியல் வழக்கு, அவர்கள் தொடுத்த மனுக்களின் பயனாக 1991 அக்டோபரில் மீண்டும் உயிர்பெற்றது.

பின்னர் இழப்பீடு வழங்கப்பட்டபோது பெரும்பாலோர்க்குக் கிடைத்தது ரூ.25,000. முன்னர்ப் பெற்ற இடைக்கால உதவியும் அதிலிருந்து கழிக்கப்பட்டது. இதற்குள் வேறொன்று நிகழ்ந்திருந்தது. உடன்பாட்டுத் தொகை டாலராகவே ரிசர்வ் வங்கியில் வைக்கப்பட்டிருந்தது. 1989இல் ஒரு டாலருக்கு 15 ரூபாய். 2004இல் ஏறத்தாழ 45 ரூபாய். வட்டியும் சேர்ந்தது. வழங்கியது போக ரூ.1,500 கோடி அளவுக்கு எஞ்சியிருந்தது. இப்பணம் யாருடையது? பாதிக்கப்பட்டோருடையதே என அவர்கள் வாதாடினர். 2004 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்தொகையை அம்மக்களுக்கே பகிர்ந்தளிக்க ஆணையிட்டது. ஏற்றுமதித் தொழிலில் டாலரின் ஏற்ற இறக்கம் நமக்கு நாள்தோறும் பழகிய செய்தி. எழுத்தறியாத பெண்கள் அதே கணக்கைக் கற்றுக்கொண்டு தம் பங்கைக் கேட்டுப் பெற்றனர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மருத்துவத்திற்காக ஜப்பாரின் அமைப்பு 1998இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. தீர்ப்பு 2012 ஆகஸ்ட் 9ஆம் நாள் வந்தது. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் மருத்துவக் குறிப்பேடு வழங்க வேண்டும், பதிவுகளைக் கணினியில் ஏற்ற வேண்டும், கண்காணிப்புக் குழு முறையாக இயங்க வேண்டும் என்றெல்லாம் நீதிமன்றம் பணித்தது. ஒரு குறிப்பேட்டுக்காகப் பதினான்கு ஆண்டுகள்! இதற்கிடையே 2010 ஜூன் 7ஆம் நாள் போபால் நீதிமன்றம் அந்நிறுவனத்தின் இந்திய அதிகாரிகளுக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவர்கள் உடனே ஜாமீனில் வெளிவந்தனர். அமெரிக்கத் தலைமை நிர்வாகி வாரன் ஆண்டர்சன் இந்திய நீதிமன்றத்தின் முன் நிற்காமலே 2014இல் மறைந்தார். கூடுதல் இழப்பீடு கோரி மத்திய அரசு தொடுத்த சீராய்வு மனுவும் 2023 மார்ச்சில் தள்ளுபடியாயிற்று. ஆலை வளாகத்தில் கிடந்த 337 டன் நச்சுக்கழிவு பீதம்பூருக்கு எடுத்துச் செல்லப்பட்டதே 2025 ஜனவரியில்தான். வெற்றியும் தோல்வியும் கலந்ததே இப்போராட்டம். எல்லாவற்றையும் வென்றார் என்று சொல்லி நான் அவரைப் பெரிதாக்க வேண்டியதில்லை. தோல்விக்குப் பின்னரும் மறுவாரம் பூங்காவுக்கு வந்தார் என்பதே போதும்.

வாழ்ந்த எளிமையும் மறைந்த விதமும்

வெளிநாட்டு நிதி வேண்டாம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். உறுப்பினர்களின் சிறு பங்களிப்பும் நண்பர்களின் உதவியுமே அமைப்பின் வருவாய். கோடிகளைப் பற்றிய வழக்குகளை நடத்தியவர் இறுதிவரை ராஜேந்திர நகரின் சிறிய வீட்டிலேயே வாழ்ந்தார்.

அந்தத் தூய்மைக்கு ஒரு விலையும் இருந்தது. நீரிழிவும் இதய நோயும் அவரை வாட்டின. காலில் ஏற்பட்ட புண் அழுகியது. பல்லாயிரம் பேரின் சிகிச்சைக்காக உச்ச நீதிமன்றம் வரை சென்றவரின் சிகிச்சைக்கு நண்பர்கள் நிதி திரட்ட வேண்டியதாயிற்று. செலவை ஏற்பதாக மாநில அரசு அறிவித்தபோது காலம் கடந்துவிட்டது. 2019 நவம்பர் 14ஆம் நாள், தம் 62ஆம் வயதில், அவர் இறைவனடி சேர்ந்தார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். 2020 ஜனவரியில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவ்விருதைக் கையில் வாங்க அவர் இல்லை.

நம் ஊருக்கு என்ன தொடர்பு?

போபால் எங்கோ இருக்கிறது. நமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். நம் நொய்யலை நினைத்துப் பாருங்கள். சாயப்பட்டறைகளின் உப்பு நீர் ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்பகுதி விவசாயிகளின் நிலமும் கிணறும் கெட்டன. அவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். 2011 ஜனவரி 28ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. விவசாயியின் முறையீடு நியாயமானது. அன்று வேலையிழந்த பட்டறைத் தொழிலாளியின் பசியும் உண்மையானது. கழிவுநீரைச் சொட்டும் வெளியேற்றாமல் சுத்திகரிக்கும் முறையை ஏற்ற பின்னரே தொழில் மீண்டெழுந்தது. காலத்தே செய்ய வேண்டிய செலவைத் தள்ளிப்போட்டால் அதனை ஏழைகள் சுமக்கின்றனர் என்பதற்குப் போபாலும் சான்று, நொய்யலும் சான்று. வேலையா, நீதியா என்று கேட்டால், இரண்டும் வேண்டும் என்று நிற்பவரே மக்கள் தொண்டர். ஜப்பார் அவ்வாறே நின்றார்.

இன்னொரு தொடர்பும் உண்டு. போபாலில் இழப்பீட்டின் அளவைத் தீர்மானித்தவை காகிதங்கள். மருத்துவச் சீட்டு இருந்தவருக்கு ஒரு நிலை. இல்லாதவருக்கு வேறொரு நிலை. பெரும்பாலோர் ‘தற்காலிகப் பாதிப்பு’ என்னும் வகையில் அடைக்கப்பட்டனர். நம் வீதிகளிலும் இதுவே நடக்கிறது. ஓவர்லாக் அடிக்கும் சகோதரி, கைமடியாக நிற்கும் சிறுபெண், பிசிறு வெட்டும் மூதாட்டி, பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பவர் டேபிள் தொழிலாளி, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் தங்கி வெள்ளிக்கிழமை நம்மோடு ஸஃப்பில் நிற்கும் இளைஞர் ஆகியோரிடம் காகிதங்கள் இருக்கின்றனவா?

இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளி நோயுற்றால், உரிய தகுதி இருப்பின், ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு பெறலாம். வருங்கால வைப்பு நிதியில் உறுப்பினராக உள்ளவர் பணிக்காலத்தில் மரணித்தால், அதனோடு இணைந்த காப்பீட்டின்கீழ் அவர்தம் குடும்பத்தார்க்கு ரூ.7 லட்சம் வரை கிடைக்க வழியுண்டு. தையல் தொழிலாளர்களுக்கெனத் தமிழக அரசின் நலவாரியமும் உள்ளது. இவை எவருடைய தருமமும் அல்ல, உழைத்தவரின் உரிமை. மரண வீட்டில் நாம் பைத்துல்மாலிலிருந்து சில ஆயிரம் கொடுத்துவிட்டு ஆறுதல் சொல்கிறோம். அதே வீட்டுக்கு உரிய லட்சங்கள், வாரிசுப் பெயர் பதிவு செய்யப்படாத காரணத்தால் அலுவலகத்தில் உறங்கிக் கொண்டிருக்கலாம்.

இங்கே ஒன்றை ஒளிவின்றிப் பேச வேண்டும். நம் ஜமாஅத்தில் கம்பெனி நடத்துவோரும் இருக்கிறீர்கள், கான்ட்ராக்ட் எடுப்போரும் இருக்கிறீர்கள், தொழிலாளர்களும் இருக்கிறீர்கள். ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கிறோம். நோன்புக் கஞ்சிக்கு நன்கொடை கேட்டு வரும் தொண்டரை முதலாளிமார் மகிழ்ந்து வரவேற்கிறீர்கள். அல்லாஹ் உங்கள் வருவாயில் பரக்கத் செய்வானாக! அதே தொண்டர் மறுநாள், உங்கள் பட்டறையில் விரலை இழந்த ஒருவருக்காக வந்து நின்றால் அதே நாற்காலி போடப்படுமா? கஞ்சி வாளியைச் சுமப்பவரைப் பாராட்டுவது எளிது. மனுவைச் சுமப்பவரைப் பாராட்டுவதற்கு நமக்குச் சற்று மனவலிமை வேண்டும். அந்த வலிமை இல்லையென்றால் இன்று போர்த்திய பொன்னாடைகளுக்குப் பொருளில்லை.

நான்கு வேண்டுகோள்கள்

நிர்வாகக் குழுவின் கனிவான பரிசீலனைக்கு நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது: வாரத்தில் ஒருநாள், சம்பளம் வாங்கிய மறுநாளான ஞாயிறு காலையில், மதரஸா கூடத்தில் மனு எழுதும் அமர்வு ஒன்று நடைபெற வேண்டும். இ.எஸ்.ஐ., வைப்பு நிதி, நலவாரியம், கல்வி உதவித்தொகை ஆகிய அனைத்துக்கும் அங்கே வழிகாட்டப்பட வேண்டும். மஹல்லாவைச் சேர்ந்தவர், சேராதவர், நம் மார்க்கத்தவர், பிற மார்க்கத்தவர் என்ற வேறுபாடு அங்கே இருத்தலாகாது. எத்தனை பேர் வந்தாலும், ஒருவருமே வராவிட்டாலும், அவ்வமர்வு தவறாது நடக்க வேண்டும். ஜப்பாரின் பூங்காக் கூட்டம் கற்பித்தது அதுவே.

இரண்டாவது: பாராட்டப்பெற்ற நம் மூத்த தொண்டர்களின் மருத்துவத்திற்காகப் பைத்துல்மாலில் தனியே ஒரு நிதி ஒதுக்க வேண்டும். ஊருக்கு உழைத்தவர் தம் நோய்க்கு உண்டியல் ஏந்தும் நிலை நம் மஹல்லாவில் வரக்கூடாது. மறைந்த பின் இரங்கல் தீர்மானம் நிறைவேற்றுவதைவிட, இருக்கும்போது மாத்திரை வாங்கிக் கொடுப்பது மேல்.

மூன்றாவது: இப்பெரியவர்கள் அறிந்தவை எழுத்தில் ஏற வேண்டும். எந்த அலுவலகத்தில் எந்த விண்ணப்பத்திற்கு எந்தச் சான்று வேண்டும், எந்தக் குடும்பத்தின் மனு எங்கே நிற்கிறது என்பதெல்லாம் இன்று அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன. ஒவ்வொரு மூத்த தொண்டரோடும் இரு இளைஞர்கள் ஓராண்டு உடன்சென்று கற்க வேண்டும். ஒருவர் மறைவோடு ஒரு பணி மறைந்தால் அது நம் அனைவரின் குறை.

நான்காவது: திரையின் மறுபுறம் அமர்ந்திருக்கும் சகோதரிகளை இப்பணியில் இணைக்க வேண்டும். நம் ஊரின் தையல் எந்திரங்களுக்கு முன் அமர்ந்திருப்போரில் பெரும் பகுதியினர் பெண்கள். அவர்களின் இடர்ப்பாடுகளை ஓர் ஆண் தொண்டரிடம் அவர்கள் முழுமையாகச் சொல்ல இயலாது. போபாலில் பெண்களே உறுப்பினர்கள், பெண்களே போராளிகள். ஜப்பார் அவர்களுக்குத் துணைநின்றவர். நாமும் அத்துணையளவேனும் செய்தல் வேண்டும்.

கண்ணியமிக்க மூத்த தொண்டர்களே! இன்று உங்களுக்குப் பொன்னாடை போர்த்திய எங்கள் கைகள் நாளை உங்கள் சுமையில் பாதியை ஏற்க வேண்டும். உங்களுக்கு அடுத்து யார் என்று நீங்கள் தேடும்போது இந்த அவையிலிருந்து இளைஞர்கள் எழுந்து வர வேண்டும். இத்தனை ஆண்டுகள் உங்களை ஊருக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த உங்கள் இல்லத்தாருக்கும் ஜமாஅத்தின் சார்பில் நன்றி கூறுகிறேன்.

மறைந்த அப்துல் ஜப்பார் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்தம் நற்பணிகளை இறைவன் ஏற்றுக்கொள்வானாக! அந்த நச்சுக் காற்றில் மாண்ட அனைவரின் குடும்பத்தாருக்கும் ஆறுதல் அளிப்பானாக! நம் தொண்டர்களுக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த உடல்நலத்தையும் வழங்குவானாக! ஆமீன்.